சோடிகளை எண்ணுதல்

(பரந்தனில் ஆற்றப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு கணித ஆசிரியரின் நினைவாக நடக்கும் பொழிவு இது. ஆகவே கணிதத்தின் பெருமையைப் பேசி நேரம் போக்காமல் ஒரு கணக்கையே செய்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறேன். பலர் கூடியிருக்கும் ஓரிடத்தில் ஒவ்வொருவரும் தம்பாட்டில் ஒன்றைத் தெரிவுசெய்கிறார்கள். அவர்களில் இருவரின் தெரிவு ஒத்துப்போவதற்கான நிகழ்தகவு என்ன? உயர்தர இணைந்த கணிதத்தில் நிகழ்தகவைப் படிக்கும் பிள்ளைகளுக்குக் கேள்வி புதிதல்ல. ஆனால் அதன் விடை, பாடத்திட்டம் முடிகிற இடத்தில் முடிந்துபோவதில்லை. ஒருவரைக் குற்றவாளி என்று சொல்வதற்கும், ஓர் எலும்புக்கு உரியவர் யார் என்று சொல்வதற்கும் அதே கணக்குத்தான் வேண்டியிருக்கிறது.

முதலில் உங்கள் சட்டைப்பையிலோ கைப்பையிலோ இருக்கும் தேசிய அடையாள அட்டையை எடுத்துப் பாருங்கள். எத்தனை சோதனைச் சாவடிகளில் அதை நீட்டியிருப்போம்! அந்த இலக்கத்துக்குள் நம் பிறந்தநாள் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும், அந்த ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தீர்கள் என்பது. பெண்கள் என்றால் அதனுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். 561 என்று இருந்தால் 61 ஆம் நாள். 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க அட்டையில் ஆண்டு முழுதாக நான்கு இலக்கங்களில் நிற்கிறது. அதன் பின்வரும் மூன்றும் அதே நாட்கணக்குத்தான். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் வைத்தே எண்ணுகிறார்கள். ஆகவே எந்த ஆண்டில் பிறந்தவருக்கும் மார்ச் முதலாம் தேதி 61 தான்.

இப்போது பக்கத்துக் கதிரைக்காரரின் மூன்று இலக்கத்தைப் பாருங்கள், பெண்களுக்கு 500 ஐக் கழித்துவிட்டு. பெரும்பாலும் ஒத்துப்போகாது. ஆனால் இந்த மண்டபத்தில் 60 பேர் இருந்தால், எங்கேயோ இருவரின் எண் ஒன்றாக இருப்பதற்கான நிகழ்தகவு 99 வீதத்தையும் தாண்டும். 23 பேர் இருந்தாலே அது பாதியைத் தாண்டிவிடும்: 50.7 வீதம். 40 பிள்ளைகள் உள்ள வகுப்பில் 89 வீதம்.

நாட்கள் 365 இருக்க, 23 பேர் எப்படிப் போதும் என்று மனம் மறுக்கிறது. மறுப்பதற்குக் காரணம், நாம் நம்மையே நடுவில் வைத்து யோசிப்பதுதான். என் பிறந்தநாளில் இன்னொருவர் பிறந்திருக்க வேண்டுமானால், அதற்குப் பாதி வாய்ப்புக் கிடைக்க என்னைத் தவிர 253 பேர் வேண்டும். ஆனால் கேள்வி என்னைப் பற்றியதல்ல. யாராவது இருவர் என்பதுதான் கேள்வி. 23 பேரில் எத்தனை சோடிகள்? 23 ஐ 22 ஆல் பெருக்கி இரண்டால் வகுத்தால் 253. என்னோடு ஒப்பிட 253 பேர் வேண்டியிருந்த இடத்தில், தங்களுக்குள் ஒப்பிட 253 சோடிகள் வந்துவிட்டன. ஆட்கள் ஒவ்வொருவராகக் கூடும்போது சோடிகள் அதைவிட வேகமாகப் பெருகுகின்றன. 7 பேருக்கு 21 சோடி, 40 பேருக்கு 780, 100 பேருக்கு 4,950.

2014 இல் பிரேசிலில் நடந்த உலகக்கிண்ணக் கால்பந்துப் போட்டி இதற்கு நல்ல பரிசோதனை. 32 அணிகள், அணிக்கு 23 வீரர்கள். பெயர்ப்பட்டியலைப் பார்த்தபோது 16 அணிகளில் ஒரே நாளில் பிறந்த இருவர் இருந்தார்கள். சரி பாதி.

நம் வழக்கத்துக்கு வருவோம். கோவிலில் அர்ச்சனைக்குக் கொடுக்கும்போது ஐயர் பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்கிறார். நட்சத்திரங்கள் 27. வரிசையில் எத்தனை பேர் நின்றால், இருவருக்கு ஒரே நட்சத்திரம் இருக்கப் பாதிக்கு மேல் வாய்ப்பு? நேராகப் போனால் சிக்கிக்கொள்வோம். இருவர் ஒத்துப்போகலாம், மூவர் ஒத்துப்போகலாம், இரண்டு சோடிகள் தனித்தனியே ஒத்துப்போகலாம். ஆகவே யாரும் ஒத்துப்போகாததை முதலில் எண்ணுகிறோம். இரண்டாமவர் முதலாமவரோடு ஒத்துப்போகாமல் இருக்க 27 இல் 26. மூன்றாமவர் அந்த இருவரோடும் ஒத்துப்போகாமல் இருக்க 27 இல் 25. இப்படியே பெருக்கிக்கொண்டு போனால், 6 பேரில் எல்லோரும் வேறுபட்டிருக்கும் நிகழ்தகவு 0.55. ஏழாமவர் வந்ததும் அது 0.43 ஆகிறது. அதை ஒன்றிலிருந்து கழித்தால் 0.57. ஏழு பேர் போதும். புளியம்பொக்கணை நாகதம்பிரான் கோவிலுக்குக் குடும்பமாகப் பொங்கப் போகும் ஒரு வானில் ஏழு பேருக்கு மேல் இருப்பார்கள். 12 பேர் என்றால் வாய்ப்பு 94 வீதத்தைத் தாண்டுகிறது. ‘உன்ர நட்சத்திரமும் என்ர நட்சத்திரமும் ஒண்டு’ என்ற வியப்பு அந்த வானுக்குள் எழாமல் இருந்தால்தான் அது அபூர்வம்.

மாணவர்களுக்கு ஒரு கைக்கணக்கும் சொல்கிறேன். தெரிவுகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை 1.2 ஆல் பெருக்குங்கள். பாதி வாய்ப்புக்கு வேண்டிய ஆட்தொகை ஏறத்தாழ அதுதான். 27 இன் வர்க்கமூலம் 5.2, பெருக்கினால் 6.2. 365 க்கு 22.9. இரண்டிலும் அடுத்த முழு எண்ணே விடை.

இனிப் பிள்ளைகள் வழுக்கி விழும் இடத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நான்கு நண்பர்கள் பரந்தன் சந்தியில் ஒரு தேநீர்க்கடைக்குள் போகிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஐந்து வகை: வடை, வாய்ப்பன், சூசியம், றோல்ஸ், பற்றிஸ். ஒவ்வொருவரும் மற்றவரைப் பாராமல், எந்த விருப்பு வெறுப்பும் இல்லாமல் ஒன்றைக் கேட்கிறார் என்று கொள்வோம். ஒருவருக்கு 5 வழி; நால்வருக்கு 5 × 5 × 5 × 5 = 625 வழி. நால்வரும் வேறு வேறு கேட்பது 5 × 4 × 3 × 2 = 120 வழி. ஆகவே யாராவது இருவராவது ஒத்துப்போவது 505 வழி, அதாவது 80.8 வீதம். இதுவரை எல்லாப் பிள்ளைகளும் வந்துவிடுவார்கள்.

‘சரியாக ஒரு சோடி மட்டும் ஒத்துப்போக’ என்று கேட்டால்? ஒத்துப்போகும் இருவரைத் தெரிய 6 வழி. அவர்களுக்குப் பண்டம் 5 வழி, மற்ற இருவருக்கும் 4, 3. மொத்தம் 360. மூவர் ஒத்து ஒருவர் விலகினால் 4 × 5 × 4 = 80. நால்வரும் ஒன்றையே கேட்டால் 5. இரண்டு சோடிகள் என்ற இடத்தில்தான் பிழை வருகிறது. இருவரைத் தெரிய 6 வழி, அவர்களுக்கு 5 பண்டம், மற்ற இருவருக்கு 4 பண்டம், ஆக 120 என்று எழுதிவிடுவார்கள். ஆனால் ‘முதல் இருவர் வடை, பின் இருவர் றோல்ஸ்’ என்பதை, பின் இருவரை முதலில் தெரிந்துகொண்டும் ஒருமுறை எண்ணிவிட்டோம். இரண்டு சோடிகளில் எது முதற்சோடி என்று இல்லை. ஆகவே 60 தான் சரி.

இந்தப் பிழையை ஆசிரியர் திருத்தும்வரை பிள்ளை காத்திருக்க வேண்டியதில்லை. 120, 360, 60, 80, 5. கூட்டிப் பாருங்கள்: 625. முன்பு எழுதிய 120 ஐ வைத்திருந்தால் 685 வந்திருக்கும். இல்லாத 60 வழிகள் எங்கிருந்தோ வந்துவிட்டன என்று தாளே சொல்லியிருக்கும். கேட்ட ஒரு பகுதியை மட்டும் கணித்துவிட்டு எழும்பாமல் எல்லா வகைகளையும் எழுதிக் கூட்டிப் பார்ப்பதை நான் ஒரு பழக்கமாகவே வற்புறுத்துவேன். ஐந்து நிமிட வேலை அது. பரீட்சை மண்டபத்தில் அதைவிடப் பெரிய துணை இல்லை.

அதே கடையில் இன்னொரு பிழையும் காத்திருக்கிறது. கடைப்பையன் யார் என்ன கேட்டார் என்று எழுதுவதில்லை. ‘வடை 2, றோல்ஸ் 1, பற்றிஸ் 1’ என்றுதான் துண்டில் குறிக்கிறான். அப்படி எழுதக்கூடிய துண்டுகள் 70 வகை. சில பிள்ளைகள் அந்த 70 ஐயும் சம வாய்ப்புள்ளவை என்று எடுத்து, எல்லாம் வேறுபட்ட துண்டுகள் 5, ஆகவே நால்வரும் வேறுபடும் வாய்ப்பு 70 இல் 5 என்று எழுதுகிறார்கள். ‘வடை 4’ என்ற துண்டு 625 இல் ஒரே ஒரு வழியில்தான் வரும். ‘வடை, வாய்ப்பன், சூசியம், றோல்ஸ்’ என்ற துண்டோ 24 வழிகளில் வரும். மனிதர்களைப் பொறுத்தவரை அந்த விடை பிழை.

ஆனால் ஒளித்துகள்களைப் பொறுத்தவரை அதுதான் சரி. 1924 இல் டாக்கா பல்கலைக்கழகத்தில் இருந்த சத்தியேந்திரநாத் போஸ், ஒளித்துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய முடியாதவையாக எடுத்து, துண்டுகளையே எண்ணினார். அப்படி எண்ணியபோதுதான் பிளாங்கின் கதிர்வீச்சு விதி தடையின்றிக் கிடைத்தது. கட்டுரையை ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். அவரே அதை ஜெர்மன் மொழியில் பெயர்த்து வெளியிடச் செய்தார். இரண்டு துகள்களுக்கு இரண்டு பெட்டிகள் என்றால், மனிதக் கணக்கில் அவை ஒரே பெட்டியில் சேரும் வாய்ப்பு 4 இல் 2. போஸின் கணக்கில் 3 இல் 2. ஒத்துப்போவதை இயற்கையே கூடுதலாக விரும்பும் ஓர் உலகம் அது. பிள்ளை எழுதிய பிழைக்குச் சிவப்புக் கோடு போடும் ஆசிரியர், இந்தக் கதையையும் பக்கத்தில் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. எதை எண்ணுகிறோம் என்பது முதலில் முடிவாக வேண்டிய விடயம் என்பதை, பிள்ளை பிறகு மறக்காது.

நத்தார் காலத்தில் அலுவலகங்களில் பெயர்களைச் சுருட்டிப் போட்டு எடுத்துப் பரிசு கொடுப்பார்களே, அங்கே யாராவது தன் பெயரையே எடுத்துவிடும் வாய்ப்பு என்ன என்பதும் இதற்கு உறவான கணக்கு. 1708 இல் மொன்மோர் என்ற பிரெஞ்சுக்காரர் சீட்டாட்டத்தை வைத்து அதை எழுப்பினார். 5 பேர் என்றால் ஒருவரும் தன் பெயரை எடுக்காத வழிகள் 120 இல் 44. ஆக, யாரோ ஒருவராவது தன் பெயரை எடுப்பது 63 வீதம். 50 பேர் என்றாலும் 63 வீதம், 500 பேர் என்றாலும் அதேதான். ஆட்கள் கூடினாலும் அசையாத இந்த எண்ணுக்குப் பின்னால் e என்ற மாறிலி இருக்கிறது. அதற்குள் இன்று போகவில்லை.

நான் இன்று வந்ததன் காரணத்துக்கு இப்போது வருகிறேன். இதுவரை எல்லாத் தெரிவுகளும் சம வாய்ப்புள்ளவை என்று வைத்தோம். உலகம் அப்படி இல்லை. தேநீர்க்கடையில் சூடான வடைக்குத்தான் எல்லாக் கையும் நீளும். தமிழ்நாட்டில், பள்ளியில் சேர்த்த அன்று ஆசிரியர் எழுதிய தேதியே பிறந்த தேதியாக நிலைத்துப்போன முதியவர்கள் நிறையப் பேர். அவர்களைக் கூட்டி வைத்துப் பிறந்தநாள் பார்த்தால் இன்னும் சீக்கிரம் இருவர் ஒத்துப்போவார்கள். தெரிவுகளின் வாய்ப்பு சமமாக இருக்கும்போதுதான் ஒத்துப்போதல் மிகக் குறைவு. சமநிலை எந்தப் பக்கம் குலைந்தாலும் அது கூடும். ஐந்து விடைகள் சமம் என்றால் இருவர் ஒத்துப்போகும் வாய்ப்பு 0.2. ஒரு விடைக்கு மட்டும் 0.6 உம் மற்ற நான்குக்கும் தலா 0.1 உம் என்றால், 0.36 உடன் நான்கு தடவை 0.01 ஐக் கூட்டினால் 0.4. இரண்டு மடங்கு.

ஐந்து விடைகள் என்றதும் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியலின் முதலாம் பத்திரம் நினைவுக்கு வந்திருக்கும்: 50 பல்தேர்வு வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து விடைகள். ஒரு பாடசாலையின் தவணைப் பரீட்சையில், இரண்டு பிள்ளைகளின் பிழையான விடைகள் ஒன்றாக இருந்தன என்பதற்காக அவர்கள் பார்த்து எழுதியதாக முடிவு கட்டப்பட்டதை நான் அறிவேன். சரியான விடை ஒத்துப்போனால் சந்தேகமில்லை, பிழையும் ஒத்துப்போகுமா என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்குக் கணக்கால்தான் பதில் சொல்ல முடியும்.

40 பேர் உள்ள வகுப்பு. 10 வினாக்கள் யாருக்குமே தெரியாது. எல்லோரும் குருட்டாம்போக்கில் கோடிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு குறிப்பிட்ட சோடி இந்த 10 இல் ஆறோ அதற்கு மேலோ ஒத்துப்போகும் நிகழ்தகவு 0.0064. ஆயிரத்தில் ஆறு. ‘ஆயிரத்தில் ஆறு, இது தற்செயலாக நடக்குமா?’ என்று ஒருவர் மேசையைத் தட்டலாம். ஆனால் அந்த வகுப்பில் 780 சோடிகள் இருக்கின்றன. 780 ஐ 0.0064 ஆல் பெருக்குங்கள். சராசரியாக ஐந்து சோடிகள் அப்படி ஒத்துப்போகத்தான் செய்யும், ஒருவரும் ஒருவரின் தாளையும் பாராமலேயே. இனி, பிழையான விடைகள் சம கவர்ச்சி உள்ளவை அல்ல. நல்ல வினா அமைப்பவர், பாதி தெரிந்த பிள்ளை விழக்கூடிய விடை ஒன்றை வேண்டுமென்றே வைப்பார். அந்த விடையை 60 வீதமானோர் தெரிவுசெய்தால், முன்பு பார்த்தபடி ஒவ்வொரு வினாவிலும் ஒத்துப்போகும் வாய்ப்பு 0.4. அப்போது ஆறோ அதற்கு மேலோ ஒத்துப்போகும் சோடிகள் சராசரியாக ஏறத்தாழ 130. ஒரே ஆசிரியரிடம், ஒரே குறிப்புக் கொப்பியில், ஒரே தனியார் வகுப்பில் படித்த பிள்ளைகள் ஒரே பிழையைச் செய்வார்கள். அது களவு அல்ல.

இதனால் பார்த்து எழுதுவதைக் கண்டுபிடிக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. எப்போது அந்தச் சோடியைத் தெரிவுசெய்தோம் என்பதில் எல்லாம் இருக்கிறது. விடைத்தாள்களைத் திருத்துவதற்கு முன்பே, இந்த இருவரும் அருகருகே இருந்து தலை திருப்பினார்கள் என்று மேற்பார்வையாளர் குறித்து வைத்திருந்தால் ஒப்பிடுவது ஒரே ஒரு சோடியை. அங்கே ஆயிரத்தில் ஆறு என்பது கனமான எண். தாள்களை எல்லாம் விரித்து வைத்து, ஒத்துப்போன இரண்டைத் தேடி எடுத்துவிட்டுப் பிறகு ஆயிரத்தில் ஆறு என்றால், 780 சோடிகளைப் பார்த்ததை மறைத்துவிட்டுப் பேசுகிறோம். சோடியைத் தெரிவுசெய்தது சந்தேகமா, ஒற்றுமையா? பிள்ளையின் பெயரைச் சிவப்பு மையால் எழுதுவதற்கு முன் இதை ஆசிரியர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று மன்றாடிக் கேட்கிறேன். பதினேழு வயதில் களவுப் பெயர் வாங்கிய பிள்ளை கணிதத்தையே வெறுத்துப் போவதைக் கண்டிருக்கிறேன்.

மரபணுப் பதிவுகளிலும் இதே தடுமாற்றம் நேர்ந்தது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலக் குற்றவியல் தரவகத்தில் 65,493 பேரின் பதிவுகள் இருந்தன. அப்போது வழக்கத்தில் இருந்த 13 மரபணு இடங்களில் ஒன்பது இடங்கள் ஒத்துப்போகும் சோடிகளைத் தேடியபோது 122 சோடிகள் அகப்பட்டன. ஒன்பது இடங்கள் ஒத்துப்போவது பல கோடியில் ஒன்று என்று நீதிமன்றங்களில் கேட்டுப் பழகியவர்களுக்கு அது அதிர்ச்சி. ஆனால் 65,493 பேருக்குள் இருக்கும் சோடிகள் ஏறத்தாழ 214 கோடி. அத்தனை சோடிகளுக்குள் சில ஒத்துப்போவதில் வியப்பில்லை. உறவினர்களின் பதிவுகளும் உள்ளே இருந்தால் இன்னும் கூடும். சந்தேக நபர் ஒருவரின் மரபணுவைத் தடயத்தோடு ஒப்பிடுவது ஒரு கணக்கு. தரவகம் முழுவதையும் துழாவி ஒருவரை எடுப்பது வேறு கணக்கு.

காணாமற்போன ஒருவருக்காகப் பெயர்ப்பட்டியலில் விரலை ஓட்டி ஒரு பெயரைத் தேடிய அனுபவம் இந்த மண்டபத்தில் பலருக்கு உண்டு. தகப்பனின் முதலெழுத்து, பிறகு பெயர். நம்மிடையே பெயர்கள் சில நூறுக்குள் சுற்றுகின்றன. சிலவோ ஊருக்குப் பத்துப் பேருக்கு இருக்கின்றன. ஆயிரக்கணக்கான வரிகளில் ஒரு பெயரும் முதலெழுத்தும் ஒத்துப்போவது எளிது. அது நம் பிள்ளைதான் என்பதற்கு அது போதாது. அந்த வரியைக் கண்டு நெஞ்சு நிறைந்து, பிறகு வேறொரு வீட்டுப் பிள்ளை என்று தெரிந்த தாய்மாருக்கு இதை யாரும் கணிதமாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

2023 ஜூனில் முல்லைத்தீவு கொக்குத்தொடுவாயில் நீர்க்குழாய் பதிக்கத் தோண்டியபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டன. இப்படி எடுக்கப்படும் எச்சங்களைக் குடும்பங்களோடு பொருத்தும் வேலை எங்கே நடந்தாலும், இந்தக் கணக்கு அங்கே ஒரு கடமை. எச்சங்கள் 100, தேடும் குடும்பங்கள் 5,000 என்று ஓர் எடுத்துக்காட்டுக்கு வைப்போம். ஒப்பீடுகள் 5 இலட்சம். ஒரு பரிசோதனை இலட்சத்தில் ஒருமுறைதான் தவறாக ஒத்துப்போகும் என்றாலும், ஐந்து குடும்பங்களின் கையில் வேறொருவரின் எலும்பு கொடுக்கப்படலாம். ஆகவே கூடுதல் மரபணு இடங்களைப் பார்க்க வேண்டும். தாயை மட்டுமல்லாமல் தகப்பன், சகோதரர் என்று பல உறவுகளின் மாதிரியை எடுக்க வேண்டும். உடை, பழைய காயம், பல் என்று வேறு வழியில் வரும் சான்றையும் சேர்க்க வேண்டும். விரைவாக விடை வேண்டும் என்று ஏங்கும் மக்களுக்கு நடுவில் நின்று, இன்னும் ஒத்துப்பார்க்க வேண்டியிருக்கிறது என்று சொல்வதற்கு உறுதி வேண்டும். அந்த உறுதியோடு பேசக்கூடியவர்கள் இந்தப் பாடசாலைகளிலிருந்தும் அறிவியல் நகர்ப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்தும் வரவேண்டும். வெளியூர் நிபுணர் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டுவதோடு நம் வேலை முடிந்துவிடக் கூடாது.

மாணவர்களுக்கு ஒரு கணக்கு விட்டுச் செல்கிறேன். பிறந்தநாளில் இருவர் ஒத்துப்போக 23 பேர் போதும் என்றோம். மூவர் ஒரே நாளில் பிறந்திருக்கப் பாதிக்கு மேல் வாய்ப்புக் கிடைக்க 88 பேர் வேண்டும். 27 நட்சத்திரங்களுக்கு மூவர் ஒத்துப்போக எத்தனை பேர் வேண்டும்? யாரும் ஒத்துப்போகாத வழிகளை மட்டும் எண்ணினால் இம்முறை போதாது; ஒரு சோடி, இரண்டு சோடி, மூன்று சோடி என்று வருபவற்றையும் சேர்த்துக் கழிக்க வேண்டும். இரண்டு சோடிகளில் எது முதற்சோடி என்ற பொறி அங்கேயும் இருக்கிறது. முதலில் தேநீர்க்கடையின் ஐந்து பண்டங்களையும் நான்கு நண்பர்களையும் வைத்துச் செய்து, கூட்டுத்தொகை 625 வருகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். விடையை வழியோடு எழுதி உங்கள் ஆசிரியரிடம் கொடுங்கள். அவர்கள் மூலம் எனக்கு வந்து சேரும் ஒவ்வொரு தாளையும் வாசித்துத் திருத்தி அனுப்புகிறேன்.